ஹாம்பர்க்: துறைமுக நகரமும் அச்சேறிய குர்ஆனும்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஜெர்மனியின் வடபகுதியில், வடகடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, எல்பே ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ஹாம்பர்க். கடலைத் தொடாத இந்நகரமே அந்நாட்டின் மிகப் பெரிய துறைமுகம். மக்கள்தொகையில் பெர்லினுக்கு அடுத்த இடம் இதற்கே.

1189 மே 7 அன்று பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா, கடல்வரை சுங்கமின்றிக் கப்பல் செலுத்தும் உரிமையை நகரத்தாருக்கு வழங்கினார் என்பது மரபு. அந்நாளையே துறைமுகத்தின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். இம்மன்னர் நமக்குப் புதியவரல்லர். ஸலாஹுத்தீன் அய்யூபியிடமிருந்து பைத்துல் முகத்தஸைக் கைப்பற்ற அதே மாதம் பெரும்படையுடன் புறப்பட்டு, மறு ஆண்டு அனத்தோலியாவில் ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தவர் இவர்தாம். ஆனால், இன்று பாதுகாக்கப்படும் அந்த உரிமைப் பத்திரம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்பது வரலாற்றாய்வாளர் முடிவு. ஸனதை ஆராயாமல் எதையும் ஏற்காத ஹதீஸ் கலை மாணவர்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கும்!

பத்திரம் போலியாயினும் வணிகம் மெய்யாகவே வளர்ந்தது. வடகடல், பால்டிக் கடல் நகரங்களின் ஹன்சா வணிகக் கூட்டணியில் ஹாம்பர்க் முன்னணியில் நின்றது. 1558இல் இங்கு வணிகர் சந்தை நிறுவப்பட்டது. 1888இல் தீர்வையற்ற துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்காகச் செங்கற் கிடங்குகள் எழுப்பப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேரின் குடியிருப்புகள் இடித்தகற்றப்பட்டன. காப்பி, தேயிலை, நறுமணப் பொருள்கள், ஈரானியக் கம்பளங்கள் ஆகியவை அங்கே குவிந்தன. இன்று அது யுனெஸ்கோ மரபுச் சின்னம். பழைய கொக்கோ கிடங்கொன்றின்மீது கட்டப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கு 2017இல் திறக்கப்பட்டது.

அக்கிடங்குகளுக்கு அருகில் நிற்கிறது புனித கத்தரீனா தேவாலயம். அங்கே லூத்தரன் போதகராக இருந்த ஆபிரகாம் ஹிங்கெல்மான், 1694இல் திருக்குர்ஆன் முழுவதையும் அரபு மூலத்திலேயே இந்நகரில் அச்சிட்டார். மொழிபெயர்ப்பு இல்லை, இலத்தீனில் நீண்டதொரு முன்னுரை மட்டும் உண்டு. இதற்கு முன் ஏறத்தாழ 1538இல் வெனிஸில் ஒரு பதிப்பு அச்சாகியிருந்தது. ஆனால் அது புழக்கத்திற்கு வராமலே மறைந்து, அதன் ஒரே பிரதி 20ஆம் நூற்றாண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே, ஐரோப்பிய அறிஞர் கைகளில் பரவிய முதல் அரபுப் பதிப்பு ஹாம்பர்க் பதிப்பே.

அதன் இலத்தீன் தலைப்பு நம் நெஞ்சைச் சுடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பொய்த் தூதர் என்றே அது குறிக்கிறது. மூலத்தை அச்சிட்டதற்காகத் தம் சமயத்தார் தம்மைக் குறை கூறுவர் என்பதையும் போதகர் உணர்ந்திருந்தார். அரபு கற்பது எபிரேய வேதத்தை அறியவும் உதவும் என வாதிட்டார். மறு ஆண்டே இறந்துபோனார். அச்சுப் பிழைகள் உண்டு. முகப்பில் வசை உண்டு. ஆயினும் உள்ளே இருந்தது அல்லாஹ்வின் கலாம். எதிர்ப்பவரும் மூலத்தையே படிக்கட்டும் என்ற நிலை, செவிவழி அவதூறுகளைவிட மேலானது என்றே நான் கருதுகிறேன். முஸ்லிம் ஆலிம் ஒருவரின் மேற்பார்வையில் குர்ஆன் அச்சேறியது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1787இல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில்தான்.

முஸ்லிம்கள் இந்நகரில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில். ஈரானிய வணிகர்களின் முயற்சியால் 1960களில் ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் ஷியாக்களின் நீலப் பள்ளிவாசல் எழுந்தது; அதை நடத்திய மையத்தை 2024இல் ஜெர்மன் அரசு தடை செய்தது. துருக்கியத் தொழிலாளர் குடும்பங்களும் பெருகின. ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தல் ஆகாது. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் மூன்றைச் செலுத்தியவர்கள் இந்நகரில் மாணவர்களாக வாழ்ந்தவர்கள். அதன் பழியை அக்கம்பக்கத்து எளிய முஸ்லிம்களும் சுமக்க நேர்ந்தது.

ஆயினும் 2012இல் ஹாம்பர்க் அரசு முஸ்லிம் அமைப்புகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்து, இரு பெருநாள்களையும் ஆஷூரா நாளையும் சமய நாள்களாக ஏற்றது. ஜெர்மன் மாநிலங்களில் இதுவே முதன்முறை. அதே ஆண்டு, வழிபாடு நின்றுபோயிருந்த ஒரு லூத்தரன் தேவாலயத்தை அந்நூர் ஜமாஅத் வாங்கியது. அதுவரை பல ஆண்டுகளாக அவர்கள் தொழுதது, நிலத்தடி வாகன நிறுத்துமிடம் ஒன்றில். 2018இல் அக்கட்டடம் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது.