டயகமையிலிருந்து வன்னி வரை: பறிக்கப்பட்ட பிரஜாவுரிமையின் கதை

தமிழர் மீதான ஒடுக்குமுறையைப் பேசும்போது நம்மில் பலர் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திலிருந்தோ 1983 ஜூலையிலிருந்தோ தொடங்குகிறோம். ஹோர்டன் சமவெளியின் அடிவாரத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால் இருக்கும் எங்கள் டயகமத் தோட்டங்களில் அது 1948இலேயே தொடங்கிவிட்டது. அன்று வீடுகள் எரியவில்லை. பாராளுமன்றத்தில் கையுயர்த்தியே ஒரு மக்கள் கூட்டம் நாடற்றதாக்கப்பட்டது.

வாக்குக் கணக்கு

1946 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் இந்திய வம்சாவளித் தமிழர்கள் இருந்தார்கள். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போயின. டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்துக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

சுதந்திரம் கிடைத்து ஓராண்டு முடிவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் தமிழர் என்ற சொல்லே கிடையாது. இலங்கையில் பிறந்தவர் கூட, தன் தந்தை இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். கிராமத்துச் சிங்களவரிடமும் இந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் இல்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. லயத்துக் காம்பராவில் பிறந்தவரிடம் மட்டுமே கேட்டார்கள்.

1949இல் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன. 3ஆம் இலக்கச் சட்டம், தொடர்ந்து வசித்ததை நிரூபிப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. 48ஆம் இலக்கச் சட்டம் பிரஜையல்லாதவரின் வாக்குரிமையை நீக்கியது. சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

இதில் இன்னொரு தந்திரமும் இருந்தது. தொகுதி பிரிக்கும்போது நாடற்றவர்களும் சனத்தொகையில் எண்ணப்பட்டார்கள். அதனால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. நீதிமன்றம் போனவர்களுக்கும் வழி பிறக்கவில்லை. 1953இல் கோமறைக் கழகம் இச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

நம்மவர் பங்கு

இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதலாவது சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். பிறகு அமைச்சரான அவர், அடுத்த சட்டத்தை ஆதரித்தார். அதனால் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத்தார் பிரஜாவுரிமை, நாளை மொழி என்பது அவரது எச்சரிக்கையின் சாரம். ஏழே ஆண்டுகளில் அது நடந்தது.

அதே 1956இல் டயகமையில் ஏப்ரகாம் சிங்கோ என்ற சிங்களத் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தோட்டப் போராட்டத் தியாகிகளின் வரிசையில் அவர் பெயரையும் எங்கள் மக்கள் சொல்கிறார்கள். பேரினவாதத்தையும் சிங்கள மக்களையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒப்பாரிக் கோச்சி

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று முடிவானது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. யாரைப் பிரிக்கிறார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே காம்பராக் குடும்பங்கள் உடைந்தன. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை எங்கள் ஊர்களில் இன்றும் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பார்கள். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள், நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பஞ்சமும் வந்தது. காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்த சிவனு லட்சுமணன் 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வன்னிக்குப் போனவர்கள்

1977, 1981, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நோக்கிப் போயின. காந்தீயம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. அதை நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் டொலர் பாம், கென்ட் பாம் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்களை வெளியேற்றி, சிங்களக் கைதிகளைக் குடியேற்றினார்கள். அந்த நவம்பரில் புலிகளின் தாக்குதலில், பெண்களும் குழந்தைகளும் உட்பட, அங்கிருந்தோர் பலர் கொல்லப்பட்டனர்.

2009இன் இறுதி யுத்தத்தில் மாண்டவர்களிலும் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களிலும் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். வன்னித் தமிழர் என்றே அவர்கள் எண்ணப்பட்டார்கள். அவர்களது முதல் இடப்பெயர்வு எது என்று கேட்டவர்கள் குறைவு.

இன்னும் முடியாதது

1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தில் முடித்துவைத்தன. வாழ்க்கையில் அது முடியவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புக்குள் ஒரு பாதை போடவும் சபை நிதியைச் செலவிடத் தடை இருந்தது. வாக்கு எங்களுடையது, பாதை கம்பனியுடையது. லயத்தின் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இன்றும் பெரும்பாலானவர்களிடம் இல்லை. தமிழக முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினரை இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மியன்மாரின் 1982 சட்டம் ரோஹிங்யாக்களை நாடற்றவர்களாக்கியதும், 2019இல் அசாமின் பதிவேட்டில் 19 இலட்சம் பேர் விடுபட்டதும் இதே வழியில்தான். பெரும்பான்மை முதலில் ஒரு படிவத்தை நீட்டி, பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்கிறது. அந்தப் படிவம் பக்கத்து வீட்டுக்கு வரும்போதே பேச வேண்டும். 1948இல் வடக்கும் மலையகமும் ஒரே குரலில் பேசவில்லை. காணிக்காக டயகமையிலும் கேப்பாப்புலவிலும் மக்கள் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்று, சேர்ந்து கேட்பதற்கு நமக்கு ஒரு தடையும் இல்லை.