இறப்புச் சான்றிதழ்: ஐஸ் கியூபின் இரண்டாவது ஆல்பமும் அதைக் கேட்டவர்களும்



ஆண்டுதோறும் இந்த நினைவுச் சொற்பொழிவில் நம் எழுத்தைப் பற்றிப் பேசுகிறோம். இந்த முறை கடல் கடந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஒரு ராப் ஆல்பத்தைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். அந்த மக்களோடு நமக்குள்ள உறவு பழையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கிய இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இந்த உறவில் அவர்களுடைய வீரத்தை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்களுடைய கோபம் எங்கே சரியாகப் பாய்ந்தது, எங்கே தடம் மாறியது என்பதையும் பேச வேண்டும். அதற்குப் பொருத்தமான ஒரு படைப்பு ஐஸ் கியூபின் 'டெத் சர்ட்டிபிகேட்'. 1991 அக்டோபர் 29 அன்று வெளிவந்தது.

ஐஸ் கியூப் என்று அறியப்பட்ட ஓஷே ஜாக்சன் 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அந்நகரின் தென்பகுதியான சவுத் சென்ட்ரலில் வளர்ந்தவர். அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1965இல், அதே பகுதியைச் சேர்ந்த வாட்ஸில் கிளர்ச்சி வெடித்து 34 பேர் செத்தார்கள். அவர் வளர்ந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சவுத் கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடியது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடியது. பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு கறுப்பினத்தவர் குடும்பம் நடத்தத் தக்க கூலி தந்த வேலைகள் அவை. வேலை போன இடத்தில் கிராக் என்னும் மலிவான கொக்கைன் வந்தது. அதன் பின்னால் போலீஸ் வந்தது. 1980களின் பிற்பகுதியில் கும்பல் ஒழிப்பு என்ற பெயரில் வாரக் கடைசிகளில் நூற்றுக்கணக்கான இளைஞர்களை அள்ளிச் சென்றார்கள்.

அந்த ஊரின் கடைகளையும் கவனிக்க வேண்டும். 1965க்குப் பின் பெரிய அங்காடிகள் வெளியேறின. பழைய யூதக் கடைக்காரர்களில் பலர் கடைகளை விற்றுவிட்டுப் போனார்கள். அதே 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறி, ஆசியர்களுக்குக் கதவு திறந்தது. தென் கொரியாவிலிருந்து வந்தவர்களில் பட்டதாரிகள் ஏராளம். ஆனால் மொழி வராது, பட்டம் செல்லாது. வங்கி கடன் தராதபோது, 'கே' என்று அவர்கள் அழைக்கும், நம்மூர்ச் சீட்டு போன்ற ஏற்பாட்டில் பணம் திரட்டி, வேறு யாரும் வாங்க விரும்பாத பகுதிகளில் மளிகைக் கடையும் மதுக்கடையும் வாங்கினார்கள். வீடு முழுவதும் விடிந்தது முதல் நள்ளிரவு வரை கடையில் உழைத்தது. அடிக்கடி கொள்ளை நடந்தது. கல்லாவுக்கு முன் குண்டு துளைக்காத கண்ணாடி வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றவர், தம் தெருவில் தம்மவர் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு கடை வைக்க வழியில்லையே என்று பார்த்தார். தம்மைத் திருடனாகவே பார்க்கும் கண்களை அன்றாடம் எதிர்கொண்டார். இந்த இரு மக்களையும் கல்லாவின் இரு பக்கமும் நிறுத்தியவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லை.

இந்த ஊரின் குரலாகத்தான் ஐஸ் கியூப் எழுந்தார். என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாடல்களை எழுதியவர்களில் முதன்மையானவர் அவர். போலீஸ் அடக்குமுறைக்கு எதிரான அக்குழுவின் பாடல் ஒன்றுக்காக 1989இல் எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரி இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். பாடலுக்கு உரிய பணம் தமக்கு வரவில்லை என்று அதே ஆண்டின் இறுதியில் அவர் குழுவை விட்டு வெளியேறினார். 1990இல் முதல் தனி ஆல்பம். 1991 கோடையில் 'பாய்ஸ் அண்ட் த ஹுட்' படத்தில் நடிப்பு. அந்த ஆண்டே இரண்டாவது ஆல்பம்.

அட்டையில் ஒரு பிணவறை. அமெரிக்கக் கொடி போர்த்திய பிணம். கால் விரலில் கட்டிய சீட்டில் 'அங்கிள் சாம்' என்ற பெயர். பக்கத்தில் ஐஸ் கியூப் நிற்கிறார். ஆல்பம் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதற்பகுதி சாவு: நாம் இன்று இருக்கும் நிலை. இரண்டாம் பகுதி வாழ்வு: நாம் போக வேண்டிய இடம்.

சாவுப் பகுதியில் 'எ பேர்ட் இன் த ஹேண்ட்' என்றொரு பாட்டு. பள்ளி முடித்த இளைஞன், கையில் குழந்தை, துரித உணவுக் கடைச் சம்பளம் குழந்தைச் செலவுக்குக்கூடப் போதவில்லை. அவன் கொக்கைன் விற்கப் போகும் கணக்கை ஒரு குடும்பச் செலவுக் கணக்கைப் போலச் சொல்கிறது பாட்டு. 'அலைவ் ஆன் அரைவல்' பாட்டில் குண்டடிபட்ட ஒருவன் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் காத்திருக்கிறான். மருத்துவர் வருமுன் போலீஸ் விசாரணைக்கு வருகிறது. அவன் காத்திருந்தே சாகிறான். அரசு மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த அனுபவம் உள்ள எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வாழ்வுப் பகுதியில் 'அஸ்' என்ற பாட்டு தம் மக்களையே கேள்வி கேட்கிறது. நம் சீரழிவுக்கு எல்லாப் பழியையும் பிறர்மேல் போட முடியாது என்கிறது.

ஆனால் ஆல்பம் நினைவுகூரப்படுவது வேறு இரண்டு பாடல்களுக்காக. ஒன்று 'நோ வேசலின்'. பழைய குழுவினர் மீதும் அவர்களுடைய யூத மேலாளர் மீதும் பொழிந்த வசை. சுரண்டலைக் கேட்கத் தொடங்கி, இனத்தையும் தன்பால் விருப்பையும் இழிவுபடுத்துவதில் போய் முடிகிறது. இன்னொன்று 'பிளாக் கொரியா'. ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு. கடைக்குள் நுழையும் கறுப்பினத்தவரைச் சந்தேகக் கண்ணோடு தொடரும் கொரியக் கடைக்காரரைப் பார்த்துப் பேசுகிறது. மரியாதை கொடு, இல்லையென்றால் புறக்கணிப்போம், கடை எரியும் என்ற மிரட்டலோடு முடிகிறது. பேசப்படுகிறவரின் முகமும் பேச்சும் கேலிக்குள்ளாகின்றன.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் சாவு இருக்கிறது. 1991 மார்ச் 3 அன்று ரோட்னி கிங்கைப் போலீசார் அடித்த காட்சி காணொளியாகி உலகம் முழுதும் போனது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், மார்ச் 16 காலையில், லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுச் சிறுமி ஒரு கடைக்குள் போனாள். 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சுச் சாறு பாட்டிலை எடுத்தாள். திருடுகிறாள் என்று நினைத்த கடைக்காரப் பெண் சூன் ஜா டூ அவள் சட்டையைப் பிடித்து இழுக்க, கைகலப்பு நடந்தது. சிறுமி பாட்டிலைக் கல்லாமேல் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து தலையில் சுடப்பட்டாள். அவள் கையில் இரண்டு டாலர் இருந்தது. கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அக்டோபர் 11: கொலைக்கு அடுத்த நிலைக் குற்றத்தில் சூன் ஜா டூ குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அதற்கு 16 ஆண்டுவரை சிறை தரலாம். அக்டோபர் 29: ஆல்பம் வெளிவந்தது. நவம்பர் 15: நீதிபதி ஜாய்ஸ் கார்லின் தண்டனை அறிவித்தார். ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். அந்தக் கடை பலமுறை கொள்ளைக்கு உள்ளானது, குடும்பம் கும்பல்களின் மிரட்டலில் வாழ்ந்தது என்பதை நீதிபதி எடுத்துக்கொண்டார். சிறை இல்லை. நவம்பர் 23 தேதியிட்ட இதழில், அமெரிக்க இசை வணிகத்தின் பிரதான ஏடான 'பில்போர்ட்' ஐஸ் கியூபின் ஆல்பத்தைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. கலைக்கும் குற்றத்தைத் தூண்டுவதற்கும் இடையிலுள்ள கோட்டை இது தாண்டிவிட்டது என்பது அதன் வாதம். சிறுமியைக் கொன்றதற்குச் சிறை இல்லை என்ற தீர்ப்பு வந்த எட்டாம் நாள் தேதியில், பாட்டுக்குக் கண்டனம் வந்தது. அந்தத் தெரு மக்கள் இதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கண்டனம் ஓர் ஏட்டோடு நிற்கவில்லை. யூத மனித உரிமை அமைப்பான சைமன் வீசந்தால் மையம் ஆல்பத்தை விற்க வேண்டாம் என்று பெரிய கடைத் தொடர்களைக் கேட்டது. பிரிட்டனில் அந்த இரு பாடல்களையும் நீக்கியே வெளியிட்டார்கள். கொரிய அமெரிக்க மளிகைக் கடைக்காரர் சங்கம் வேறு வழியில் போனது. ஐஸ் கியூப் விளம்பரம் செய்துவந்த செயின்ட் ஐட்ஸ் என்ற மதுவை விற்க மறுத்தது. அந்த மது அதிகமாக விற்றதே அவர்கள் கடைகளில்தான். நிறுவனம் அவருடைய விளம்பரத்தை நிறுத்தியது. 1992 தொடக்கத்தில் அவர் சங்கத்தாரைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். இதில் நாம் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு. தம் மக்களின் சீரழிவைப் பாடியவரே அம்மக்களுக்கு விற்ற மலிவு மதுவுக்கு விளம்பரமும் செய்தார். ஆல்பம் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆல்பம் 'பில்போர்ட்' பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. 1991இல்தான் அந்தப் பட்டியல், கடைக்காரர் சொல்லும் கணக்கை விட்டு, கணினியில் பதிவாகும் உண்மை விற்பனையை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ராப் எவ்வளவு விற்கிறது, வெள்ளையர் புறநகர்களில் எத்தனை பிள்ளைகள் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. சேரித் தெருவுக்குள் கேட்டவரை யாருக்கும் உறுத்தாத வசை, தம் பிள்ளைகளின் அறைக்குள் கேட்டபோது உறுத்தியது.

கறுப்பினப் பெண் சிந்தனையாளர்கள் எதிர்கொண்ட விதம் வேறு. ஆஞ்சலா டேவிஸ் ஐஸ் கியூபுடன் நடத்திய உரையாடல் 1992இல் 'டிரான்சிஷன்' இதழில் வந்தது. அவருக்குச் சில பாடல்களே கேட்கக் கிடைத்திருந்தன. சர்ச்சைக்குரிய பாடல்கள் அவற்றில் இல்லை. ஆனாலும் போராட்டத்தில் பெண்களின் இடம் எங்கே என்ற கேள்வியை அவர் விடவில்லை. பெல் ஹூக்ஸும் அவரோடு உரையாடினார். அது 'அவுட்லா கல்ச்சர்' நூலில் இருக்கிறது. ராப்பில் உள்ள பெண் வெறுப்பை ஹூக்ஸ் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பைக் கறுப்பு இளைஞன் தனியாகக் கண்டுபிடித்ததுபோல் பேசி, அதை வளர்த்து விற்கும் வெள்ளை ஆதிக்கச் சமூகம் தப்பித்துக்கொள்வதையும் அவர் அனுமதிக்கவில்லை. இருவரும் தடை கேட்கவில்லை, கைதட்டவும் இல்லை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எங்களுக்கு வழிகாட்டும் விமர்சன முறை இதுதான்.

அந்த முறையில் 'பிளாக் கொரியா'வைப் பார்த்தால் என்ன தெரிகிறது? சந்தேகக் கண்ணால் பின்தொடரப்படும் அவமானம் உண்மை. அதைப் பாடும் உரிமை முழுக்க அவருக்கு உண்டு. ஆனால் ஆலையை மூடியவர், கடன் மறுத்த வங்கி, பெரிய அங்காடியைப் பெயர்த்துக்கொண்டு போன நிறுவனம், சிறை வேண்டாம் என்று சொல்லவிருந்த நீதிமன்றம் யாரும் அந்தப் பாட்டில் இல்லை. இதே ஆல்பத்தின் மற்றப் பாடல்களில் அவர்கள் இருக்கிறார்கள். கல்லாவுக்கு முன் வந்ததும் கண்ணுக்குத் தெரிகிற முகம் ஒன்றே எதிரியாகிவிட்டது. அந்த முகத்தை அடிக்க அவர் எடுத்ததும் ஆதிக்கக்காரர்கள் தம் மக்கள்மேல் எறிந்துவந்த அதே ஆயுதம்: தோற்றத்தைப் பழித்தல், பேச்சைப் பழித்தல். பாட்டில் லட்டாஷாவின் பெயரும் இல்லை. அவளுக்காக நீதி கேட்டுக் குழு அமைத்துத் தெருவில் நின்றவர் அவளுடைய சித்தி டெனிஸ் ஹார்லின்ஸ்.

1992 ஏப்ரல் 21 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் டூவின் தண்டனையை மாற்ற மறுத்தது. எட்டே நாளில், ஏப்ரல் 29 அன்று, ரோட்னி கிங்கை அடித்த போலீசாரைக் கிட்டத்தட்ட எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஜூரி விடுவித்தது. நகரம் எரிந்தது. 50க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கொரியர்களின் 2000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன அல்லது எரிந்தன. அழைத்தும் போலீஸ் வரவில்லை என்று கொரியர்கள் சொன்னார்கள். பிறகு பலர் ஐஸ் கியூபைத் தீர்க்கதரிசி என்றார்கள். எங்களுக்கு அந்தப் பட்டம் உவப்பில்லை. வரப்போவதைச் சொன்னதற்காக ஒரு பாட்டைப் போற்றினால், எரிந்த கடைகளையும் அந்தப் பாட்டின் வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடுவோம். 'எ பேர்ட் இன் த ஹேண்ட்' போன்ற பாட்டுக்கு அந்தப் பட்டம் வேண்டியதும் இல்லை. நடந்துகொண்டிருந்ததை அது நேர்மையாகப் பதிந்தது, அது போதும்.

கொரியர்கள் அந்த நாளை 'சா-இ-கு' என்கிறார்கள். நான்கு, இரண்டு, ஒன்பது என்ற தேதியின் எண்கள். அதே பெயரில் 1993இல் ஓர் ஆவணப்படம் வந்தது. கடை இழந்த கொரியப் பெண்கள் அதில் பேசுகிறார்கள். அவர்களில் ஒரு தாய் கலவரத்தில் மகனைப் பறிகொடுத்தவர். அதே ஆண்டு ஆசிய அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் சாங், 'பிளாக் கொரியா' பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பாட்டை ஒதுக்காமல், அதன் இனத்தையும் வர்க்கத்தையும் சேர்த்துப் படித்தார். பாட்டால் தாக்கப்பட்ட தரப்பிலிருந்தும் இப்படிப் படிக்க முடிந்தது.

தோழர்களே, நம் எழுத்து வந்தபோதும் கொச்சை என்றார்கள், வெறுப்பு என்றார்கள். அதனால் கோபத்தைக் குறை சொல்பவர் எவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதற்காக, நம்மவர் எழுதியது என்பதாலேயே எல்லா வரியையும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலேயே, நம்மைப் போலவே மிதிபடுகிற இன்னொருவர்மேல் நம் கோபம் பாயும்போது, அதை முதலில் சுட்ட வேண்டியவர்கள் நாம்தான். வெளியார் சுட்டினால் அது தடையாகும். நாம் சுட்டினால் அது விமர்சனமாகும்.

இந்த ஆல்பத்தை முழுக்கக் கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தையும் தவிர்க்காமல் கேளுங்கள். பிறகு 'சா-இ-கு' படத்தையும் பாருங்கள். இரண்டையும் முடித்தபின், லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பாட்டு சொல்லாமல் விட்ட பெயர் அது.

ஜெய்பீம்.