ஆர்தர் பிளாக்பர்ன்: இரண்டு போர் கண்ட வக்கீல்

எறும்பை மிதிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட சமணக் குடும்பத்தில் பிறந்தவன், போர்வீரர் ஒருவரின் சரித்திரத்தை எழுத வந்தது ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். எங்கள் நூல்கள் இம்சையை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. தற்காப்புக்காக எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி இம்சை. இல்லறத்தானுக்கு அதை முற்றிலும் விலக்கவில்லை. ஆனால் எதிர்ப்பதை எந்த நேரத்தில் நிறுத்துவது? இந்தக் கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதை வாழ்க்கையிலேயே சந்தித்தவர் ஆர்தர் சீபோர்த் பிளாக்பர்ன்.

1892 நவம்பர் 25-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அடிலெய்டு நகரில் வக்கீல். 1914 அக்டோபரில் 10-வது பட்டாளத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். படித்த வக்கீல் சிப்பாயாகப் போவதா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் துருக்கியின் கலிபோலிக் கரையில் இறங்கிய முதல் படையில் அவரும் இருந்தார். (அன்றே அங்கே இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் இறங்கினார்கள். இதை நம்மவர் பலர் அறியார்.) வேவு பார்க்க அவரும் பிலிப் ராபின் என்ற தோழரும் முன்னே போனார்கள். கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் உள்ளே போய்த் திரும்பினார்கள். அன்று அவ்வளவு தூரம் போய் உயிரோடு திரும்பியதாக உறுதியாகச் சொல்லக்கூடியவர் வேறு எவருமில்லை என்பது போர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீனின் முடிவு. ராபின் மூன்றே நாளில் மாண்டுபோனார்.

அடுத்த ஆண்டு பிரான்சில் போசியேர் கிராமம். 1916 ஜூலை 23. இப்போது பிளாக்பர்ன் அதிகாரி. ஐம்பது பேரோடு போய் ஜெர்மானியரின் அரணைப் பிடிக்க உத்தரவு. கையெறி குண்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நான்கு முறை தாமே முன்னே போனார். போனவர்களில் பலர் விழுந்தார்கள். பிடித்தது 250 கஜம் பதுங்குகுழி, பிறகு இன்னும் 120 கஜம். ஆக 370 கஜம். கஜக்கோல் பிடித்துப் பழகிய எனக்கு இந்தக் கணக்கைப் படித்ததும் மனசு என்னவோ செய்தது. கடையில் அரை நாளில் அளந்து கிழித்துக் கொடுக்கிற நீளம்! அதற்காக அவருக்குக் கிடைத்தது விக்டோரியா கிராஸ்.

உடல்நலம் கெட்டு 1917-ல் ஊர் திரும்பினார். கலியாணம், மூன்றாண்டு சட்டசபை, மீண்டும் வக்கீல் தொழில். 1933 முதல் அடிலெய்டின் கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் முன்னாளில் இருந்த அதே பதவிதான். சில மரணங்களில் விசாரணை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுக் காரணம் சொல்ல மறுக்கிறார் என்று அவர்மேல் குறை வந்தது. சட்டம் தம் பக்கம் என்று சொல்லி அசையாமல் இருந்தார். இது எனக்கு உவப்பானதல்ல. செத்தவன் வீட்டார் காரணம் கேட்கத்தான் கேட்பார்கள். ஆனாலும் சட்டம் என்றால் சட்டம் என்ற அந்தப் பிடிவாதத்தைப் பின்னால் வருவதற்காக நினைவில் வைத்துக்கொள்ளணும்.

1940-ல் அவருக்கு வயது 47. வீட்டில் இருந்திருக்கலாம். 2/3-வது இயந்திரத் துப்பாக்கிப் பட்டாளத்தைத் திரட்டித் தலைமை ஏற்றார். 1941 ஜூன் 21-ல் டமாஸ்கஸ் நகரம் சரணடைந்தபோது அதை ஏற்றவர் அவரே. அதற்கு முந்தைய நாட்களில் நகருக்கு வெளியே மெஸ்ஸே என்ற இடத்தில் 5-வது இந்தியப் பிரிகேட் பெருஞ்சேதப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எட்டே மாதத்தில் சக்கரம் திரும்பியது. 1942 பிப்ரவரியில் ஜாவாவில் இறக்கப்பட்டார். பிரிகேடியர் பதவி, 'பிளாக்போர்ஸ்' என்று அவர் பெயராலேயே ஏறத்தாழ 3,000 பேர். லேவிலியாங் ஆற்றங்கரையில் மார்ச் முதல் வாரத்தில் சில நாள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தினார்கள். அதற்குள் தீவின் டச்சுத் தலைமை சரணடைவதாக அறிவித்துவிட்டது. நிற்கிற படையைக் கீழே வைக்கச் சொல்லி உத்தரவு. போசியேரில் நான்கு முறை திரும்பத் திரும்பப் போன மனிதர் இங்கே ஒரு முறைகூட மீறவில்லை. மார்ச் 12-ல் சரண். 3,000 உயிரின் கணக்கு எதிரே இருந்தது. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். போசியேரைவிட இதற்கே அதிகத் துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் சரணடைந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா? அதுதான் இல்லை. அவரையும் மற்ற மேலதிகாரிகளையும் பிரித்துச் சிங்கப்பூர், பார்மோசா என்று கொண்டுபோய்க் கடைசியில் மஞ்சூரியாவில் அடைத்தார்கள். வீரர்களில் பலர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் போனார்கள். அங்கே இறந்த ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 2,800. அதே பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்க் கூலிகள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். ஆஸ்திரேலியனுக்குப் பெயரும் எண்ணும் கல்லும் இருக்கின்றன. நம்மவருக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட கிடையாது. பிளாக்பர்ன் சரித்திரத்தைப் படிக்கப் போய் நான் இங்கேதான் பல நாள் நின்றுவிட்டேன்.

1945-ல் மஞ்சூரியாவில் விடுதலை. 1946-ல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார். ஜாவாவில் ஆற்றிய பணிக்காக அதே ஆண்டு சி.பி.இ. விருது கொடுத்தார்கள், தோற்ற போருக்கு! அப்புறம் தொழிலாளர் வழக்குகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தில் 1955 வரை ஆணையர். 68-வது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், 1960 நவம்பர் 24-ல் காலமானார். அடிலெய்டு வெஸ்ட் டெரஸ் மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.