வெசுவியஸ் தக்காளியும் அன்னஞ்சித் தக்காளியும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வேலையை நம்பி மணிமங்கலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு, கொல்லையில் கொஞ்சம் மண் மிஞ்சினால் தோட்ட ஆசை வந்துவிடுகிறது. இணையத்தில் விதை தேடினால் அந்த ஆசை இத்தாலியின் சான் மர்சானோ தக்காளி வரை போகும். அதை நம் பி.கே.எம். 1 தக்காளியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சான் மர்சானோவுக்குச் சொந்த ஊர் நேப்பிள்ஸ் அருகே, வெசுவியஸ் எரிமலைச் சாம்பல் படிந்த சார்னோ ஆற்றுச் சமவெளி. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வட்டாரப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. பி.கே.எம். 1, தேனிப் பக்கத்து அன்னஞ்சி உள்ளூர் ரகத்தைச் சடுதி மாற்றம் செய்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1978இல் வெளியிட்டது. இதைப் பாரம்பரிய விதை என்றால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், தக்காளியே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இரண்டிலும் எடுத்த விதையில் அதே ரகம் முளைக்கும், வீரிய ஒட்டு ரகத்தில் அப்படி முளைக்காது. வீட்டுத் தோட்டத்துக்கு இந்தத் தகுதி போதும்.

நறுக்கினால் வித்தியாசம் தெரியும். நீண்டு கூம்பிய சான் மர்சானோவுக்குள் பெரும்பாலும் இரண்டே அறைகள், கொஞ்சம் விதை, மற்றதெல்லாம் சதை. தொக்குக்கு வைத்தால் சீக்கிரம் சுண்டிவிடும். பி.கே.எம். தட்டை உருண்டை, காம்படியில் பச்சைத் தோள். கத்தி பட்டதும் புளிப்புச் சாறு பலகையில் ஓடும். ரசத்துக்கு அதுதான் வேண்டும். இத்தாலியப் பழத்தில் வைத்த ரசம் சப்பென்றிருக்கும்.

வளர்ப்பில்தான் உண்மையான இடைவெளி. சான் மர்சானோ ஆளுயரத்துக்கு மேல் ஏறும். கொம்பு நட்டுக் கட்ட வேண்டும், பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும். பி.கே.எம். குத்துச்செடியாக நின்றுவிடும். மண்ணைக்கூட மக்கிய எருவும் மண்புழு உரமும் போட்டுத் தேற்றலாம், இரவு வெப்பத்தை என்ன செய்வது? பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியமிழந்து பூ உதிரும். நேப்பிள்ஸ் கோடை இரவுகள் 20 டிகிரியை ஒட்டியவை. நமக்கு மே மாத இரவே 27, 28. வெயிலைத் தாங்குவதில் பி.கே.எம். கெட்டி. தண்ணீர் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று பாய்ச்சினால் சான் மர்சானோவின் நுனி கறுத்துப் போகும். சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சீராகப் போய்ச் சேராததன் அடையாளம் அது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய் மட்டும் இரண்டையும் விடாது.

என் தீர்ப்பு பி.கே.எம். பக்கம்தான். இத்தாலியச் செடியை ஒருமுறையாவது பார்த்தே தீருவேன் என்பவர்கள் ஐப்பசிக் கடைசியில், மழைச்சாரல் படாமல் வெயில் விழும் இடத்தில் குழித்தட்டில் விதையுங்கள். கார்த்திகைக் கடைசியில் நட்டால், இரவு குளிர்ந்திருக்கும் தை மாதத்தில் பூக்கும். பத்துச் செடிக்கு இடமிருந்தால் சான் மர்சானோவுக்கு இரண்டு இடம் கொடுங்கள், போதும்.