மரக்கூழிலிருந்து பூஞ்சை நொதி: ஓர் ஆய்வு மரபும் தாம்பரம் வட்டாரமும்

மரக்கூழை உணவாகக் கொள்ளும் பூஞ்சைகளிடமிருந்து ஆலைகளுக்கு வேண்டிய நொதிகளைப் பெறும் தொழில், மட்குதலை ஆராய்ந்த தாவரவியலாளர்களின் உழைப்பில் வேர்கொண்டது. நொதி என்பது உயிரணுக்கள் உண்டாக்கும், வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். தாவரச் செல்சுவரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பது செல்லுலேஸ் என்றும், அதனோடு பின்னிக் கிடக்கும் சைலானை உடைப்பது சைலனேஸ் என்றும் வழங்கப்படும்.

மட்குதல் ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. மண்ணில் புதைந்த கோதுமைத் தாளை எந்தெந்தப் பூஞ்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிச் சிதைக்கின்றன என்பதைத் தாவரவியலாளர் டி. எஸ். சதாசிவன் 1939இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பின்னர் அவர் தலைமையேற்ற சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகம் மண்வாழ் பூஞ்சைகளின் ஆய்வில் உலகப் பெயர் பெற்றது. அவருடைய மாணவர் சி. வி. சுப்பிரமணியன் இந்தியாவின் இழைப்பூஞ்சைகளை வகைப்படுத்தி 1971இல் பெருநூலாகத் தந்தார்.

நொதித் தொழிலுக்கு வழியமைத்ததோ வேறொரு மட்குதல் ஆய்வு. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணி விரைவில் இற்றுப்போனதற்குக் காரணம் தேடியவர்கள், அதிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து, கியூஎம்6ஏ என்று குறியிட்டுப் பாதுகாத்தனர். அதன் நொதிகளை ஆய்வாளர்கள் எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1977இல் அப்பூஞ்சை ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர் பெற்றது. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது இப்பூஞ்சை செல்லுலேஸைச் சுரப்பதில்லை. செல்லுலோஸ் மட்டுமே உணவாக இருக்கும்போது, அது உடைவதால் தோன்றும் சிறு சர்க்கரைகள் சுரப்பைத் தூண்டுகின்றன. ஆகவே தூய மரக்கூழ் உணவாகவும் தூண்டுபொருளாகவும் அமைந்து, நொதிக்கலன்களில் முக்கிய மூலப்பொருளாயிற்று. 1979இல் அறிவிக்கப்பட்ட ரட்-சி30 என்ற திரிபு, குளுக்கோஸ் இருக்கும்போதும் சுரப்பு பெரிதும் தடைபடாதபடி உருவாக்கப்பட்டதாகும்.

பூஞ்சை நொதிகள் மரக்கூழுக்கே திரும்பிப் பயன்பட்டது அடுத்த கட்டம். காகிதக் கூழை வெளுக்கக் குளோரினைப் பயன்படுத்தினால், மரத்தின் பிணைப்புப் பொருளான லிக்னினோடு அது சேர்ந்து கழிவுநீரில் நச்சுச் சேர்மங்களை விடுகிறது. கூழை முதலில் சைலனேஸால் பதப்படுத்தினால் லிக்னின் எளிதில் வெளியேறி, குளோரின் தேவை குறையும் என்பதை 1986இல் பின்லாந்தின் லீசா வீகாரியும் குழுவினரும் காட்டினர். அந்நொதியில் செல்லுலேஸ் கலந்திருந்தால் காகித இழையே வலுவிழக்கும் என்பதாலும், ஆலையில் கூழ் சூடாகவும் காரத்தன்மையுடனும் வருவதாலும், அந்நிலையைத் தாங்கும் தூய சைலனேஸைத் தரும் பூஞ்சைகள் தேடப்படுகின்றன.

அத்தேடலுக்குச் சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரம் ஏற்ற களமாகும். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடும், வண்டலூர்க் காப்புக்காடும், வீடுகள் பெருகிவரும் தென்புறநகரில் எஞ்சியிருக்கும் வறண்ட காட்டுத் துண்டுகள். அங்கு வெயிலில் காய்ந்து மழையில் நனையும் பட்ட மரங்களில் வாழும் பூஞ்சைகள் வெப்பத்தைத் தாங்கக்கூடியவையாக இருக்கலாம் என்பதால் முறையாகத் தேடத்தக்கவை. கூடாரத் துணியில் கிடைத்த பூஞ்சை ஒன்று, பாதுகாக்கப்பட்டதனாலேயே பின்னாளில் ஒரு தொழிலுக்கு அடிப்படையாயிற்று. ஆதலால் இக்காடுகளின் பூஞ்சைகளைச் சேகரித்து, உயிருள்ள வளர்ப்புகளாகப் பேணும் பணியைச் சென்னையின் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இணைந்து மேற்கொள்ள வேண்டும்.