பெருமூளை வாதமுள்ள இளையோருக்கான நடைப்பயிற்சி

கருவிலோ பிறப்பின்போதோ குழந்தைப் பருவத் தொடக்கத்திலோ மூளை பாதிக்கப்படுவதால் உடலசைவு குன்றும் நிலையே பெருமூளை வாதம். மூளையின் பாதிப்பு வயதோடு கூடுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுப்பதில்லை. அதனால் உயரமும் எடையும் கூடும் பதின்ம வயதில், அதுவரை நடந்த பிள்ளையும் முழங்காலை மடித்தபடி நடந்து விரைவில் களைத்துப்போகக்கூடும்.

இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை ராபர்ட் பலிசானோ குழுவினர் 1997இல் வெளியிட்டனர். முதல் இரு நிலையினர் பெரும்பாலும் துணையின்றி நடப்பர். மூன்றாம் நிலையினருக்கு ஊன்றுகோலோ நடைச்சட்டமோ தேவை. மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை உள்ளோரின் திறன் ஏறத்தாழ ஏழெட்டு வயதுக்குள் உச்சம் தொட்டுப் பின்னர் குறையக்கூடும். திறன் குறையத் தொடங்கும் அந்தப் பருவத்தில் பயிற்சி மிகவும் வேண்டப்படுகிறது.

பாரம் தூக்கினால் இறுக்கம் கூடும் என்று முன்னர் அஞ்சினார்கள். ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. ஆயினும் தசை வலுத்தால் மட்டும் நடை சீராவதில்லை. நடை வேகம் கூடுவதற்கு நடையையே பயிலவேண்டும்: ஓடுபொறியில், சமதளத்தில், படியில், சரிவில். வலுவூட்டலுக்கு 2016இல் வெளியான பரிந்துரை, வாரத்தில் 2 முதல் 4 நாள், ஒவ்வொரு சுற்றிலும் 6 முதல் 15 தடவை, 12 முதல் 16 வாரம் என்கிறது. வீட்டில் செய்ய எளியது, தாழ்ந்த வாங்கிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது. குதிகால் நிலத்தில் பதிய, முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் மெல்ல எழவேண்டும். எளிதானதும் முதுகுப்பையில் சிறிது பாரம் சேர்க்கலாம். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தை அளந்தால் முன்னேற்றம் தெரியும்.

பயிற்சிக்காக வைத்தியசாலைக்குப் போய்வருவது எல்லோருக்கும் எளிதல்ல. எடுத்துக்காட்டாக, இலங்கையின் தம்புள்ளையில் ஆதார வைத்தியசாலை உண்டு. மாவட்டப் பொது வைத்தியசாலை சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே மாத்தளையில் உள்ளது. சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை கண்டிக்கு அப்பால் பேராதனையில். வாரம் பலமுறை பஸ்ஸில் போய்வருவது கூலிவேலைக் குடும்பத்துக்கு இயலாத காரியம். ஆகவே இயன்மருத்துவர் வகுத்துத் தரும் பயிற்சியை வீட்டிலும் பாடசாலை முற்றத்திலும் தொடர்வதே நடைமுறைக்கு ஏற்றது. உலர்வலய வெயிலில் காலை வேளையே உகந்தது.

இடுப்பு மூட்டு விலகல், வலி, வலிப்பு ஆகியவை உள்ளனவா என்று முதலில் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளவேண்டும். பயிற்சியை விட்டால் பெற்ற வலு குறையும். எனவே பாடசாலைக் காலம் முடிந்த பின்னும் அதைத் தொடரவேண்டும்.