வாக்களிக்கும் கடமையும் வாக்களிக்கச் செய்யும் கடமையும்: கட்டாய வாக்களிப்பின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மக்களாட்சியில் வாக்களிப்பைச் சட்டத்தின் வாயிலாகக் கட்டாயமாக்குதல் தகுமா என்னும் வினா நீண்டகாலமாக ஓர் ஒழுக்கவியல் வினாவாகவே எழுப்பப்பட்டு வந்துள்ளது. வரி செலுத்துதல் கடமையெனின் வாக்களித்தலும் கடமையே என்பர் ஒரு சாரார். பேசும் உரிமையுள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்குமாறு போல, வாக்களிக்கும் உரிமையுள் வாக்களியாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பர் மறுசாரார். இரு சாராரும் மனத்திற் கொள்ளும் பிரசை ஒருவனே. அவனுக்கு வர்க்கமில்லை, இனமில்லை. வாக்களிப்பு நிலையம் அவன் குடியிருப்பிலிருந்து எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்ற கேள்வியுமில்லை. வரலாற்றில் இத்தகைய பிரசை எவனும் வாக்களித்ததில்லை. கட்டாய வாக்களிப்புச் சட்டம் எங்கு, எவரால், எத்தேவை கருதி இயற்றப்பட்டது என்பதையும், அக்கட்டாயம் எவரைத் தொட்டது, எவரைத் தொடாது விட்டது என்பதையும் ஆராய்ந்த பின்னரே அதன் தகுதி பற்றி முடிவு கூறல் பொருத்தமாகும்.

இத்துறையில் முன்னோடியாகக் கொள்ளப்படும் பெல்ஜியத்தை முதலில் நோக்குவோம். அங்கு 1893ஆம் ஆண்டு வரை வாக்குரிமை வரி செலுத்தும் சிறுபான்மையினர்க்கே உரியதாயிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பெல்ஜியத் தொழிலாளர் கட்சி சர்வசன வாக்குரிமை கோரிப் பொது வேலைநிறுத்தத்திற்கு அறைகூவல் விடுத்தது. துப்பாக்கிச் சூட்டிற்குத் தொழிலாளர் சிலர் இரையாயினர். சில நாட்களுள் பாராளுமன்றம் பணிந்தது. ஆயினும் அது பணிந்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. இருபத்தைந்து வயது நிரம்பிய ஆண்கள் அனைவர்க்கும் ஒரு வாக்கு வழங்கப்பட்டது. குடும்பத்தலைவராய் வரி செலுத்துவோர்க்கும், சொத்துடையோர்க்கும், உயர்கல்வி பெற்றோர்க்கும் மேலதிக வாக்குகள் வழங்கப்பட்டன. ஒருவர் ஆகக்கூடியது மூன்று வாக்குகளை அளிக்கலாம். 1894ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒற்றை வாக்கினர் ஏறத்தாழ 850,000 பேர். இரண்டு அல்லது மூன்று வாக்குகளை உடையோர் ஏறத்தாழ 500,000 பேர். எனினும் மொத்த வாக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை பின்னவர் கையிலேயே இருந்தன.

வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் விதியும் இதே திருத்தத்திலேயே புகுத்தப்பட்டது. ஆட்சியிலிருந்த கத்தோலிக்கக் கட்சியினரின் கணக்கு வெளிப்படையானது. தொழிலாளர் கட்சி தன் ஆதரவாளரைத் திரட்டி அழைத்துவரும் ஆற்றல் பெற்றது. மிதவாதிகளோ சோம்பலினால் வீட்டிலேயே தங்கிவிடுவர். ஆதலின் அவர்களைச் சட்டத்தின் துணைகொண்டு எழுப்பவேண்டும். வாக்குரிமையின் விரிவைத் தடுக்க இயலாத நிலையில், அதன் விளைவைத் தணிக்கும் கருவிகளுள் ஒன்றாகவே கட்டாயம் பிறந்தது. பெல்ஜியத்தில் அது குடியாட்சியின் தவப்புதல்வனன்று. பழைமைவாதிகளின் அச்சம் பெற்ற பிள்ளை. ஆயினும் பிள்ளைகள் பெற்றோரின் விருப்பப்படியே வளர்வதில்லை. முன்னர்ப் பாராளுமன்றத்தில் ஓர் இடமேனும் பெற்றிராத சமதர்மவாதிகள் 1894இல் 28 இடங்களைப் பெற்றனர். 1919இல் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் முறையில் தேர்தல் நடைபெற்றபோது பன்மை வாக்கு மறைந்துவிட்டிருந்தது. கட்டாயம் நிலைத்து நின்றது. பெண்கள் தேசியத் தேர்தலில் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெறுவதற்கு 1948ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அவுஸ்திரேலியாவின் கதை இதனிலும் விரிவானது. குவீன்ஸ்லாந்து மாநிலம் 1915ஆம் ஆண்டுத் தேர்தலிற் கட்டாய வாக்களிப்பை நடைமுறைப்படுத்தியது. சட்டத்தைக் கொணர்ந்தவர் லிபரல் அரசாங்கத்தின் தலைவர் டிக்பி டென்ஹாம். தொழிற்சங்கங்களின் ஒழுங்கமைப்பினால் தொழிற்கட்சி தன் வாக்குகளைத் தவறாது திரட்டிவிடுகின்றது என்னும் கவலையே இங்கும் உந்துசக்தியாய் அமைந்தது. தேர்தல் நடந்தது, தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றது, டென்ஹாம் தம் சொந்தத் தொகுதியையும் இழந்தார். தமக்குச் சாதகமென எண்ணித் தேர்தல் விதிகளை மாற்றும் ஆட்சியாளர்க்கு வரலாறு வைத்திருக்கும் இத்தகைய விடைகள் வேறு நாடுகளிலும் உண்டு.

கூட்டாட்சி மட்டத்தில் இது சட்டமானது 1924இல். 1919ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 71 வீதமாயிருந்த வாக்களிப்பு 1922இல் 60 வீதத்துக்கும் கீழே வீழ்ந்தது. தஸ்மேனியாவைச் சேர்ந்த செனட்டர் ஹேர்பேட் பெய்ன் தனியுறுப்பினர் மசோதாவொன்றைக் கொணர்ந்தார். அது இரு சபைகளிலும் வாக்கெடுப்பின்றியே நிறைவேறிற்று, விவாதமும் சுருக்கமானதே. பிரசையின் சுதந்திரம் பற்றிய இத்துணைப் பெரிய மாற்றம் இவ்வளவு அமைதியாக நிகழ்ந்ததன் காரணத்தைத் தத்துவத்திலன்றிக் கட்சிகளின் கணக்கேடுகளிலேயே தேடவேண்டும். வாக்காளரை வீட்டிலிருந்து அழைத்துவரும் செலவும் உழைப்பும் அதுவரை கட்சிகளின் தோளில் இருந்தன. 1924இன் பின் அச்சுமையைத் தண்டப்பணம் சுமந்தது. 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிப்பு 91 வீதத்தை எட்டியது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அது 90 வீதத்துக்குக் குறையவில்லை. 2022இலேயே முதன்முறையாகச் சற்றுக் கீழிறங்கியது.

இதனைத் தண்டத்தின் வெற்றியெனக் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். தண்டம் 20 டொலர் மட்டுமே. கட்டாயத்துக்கு முன்னரே அங்கு அமைந்திருந்த நிர்வாகக் கட்டமைப்பினை நாம் மறத்தலாகாது. இரகசிய வாக்குச்சீட்டு 1856லேயே விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் வழக்கிற்கு வந்தது. பிற நாட்டார் அதனை 'அவுஸ்திரேலிய வாக்குச்சீட்டு' என்றே அழைத்தனர். தேருநர் இடாப்பிற் பதிதல் 1911இற் கட்டாயமாயிற்று; தேர்தல் நாள் சனிக்கிழமையென வரையறுக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. தபால் வாக்கு, தொகுதிக்கு வெளியேயிருந்து அளிக்கும் வாக்கு ஆகியவற்றுடன், மருத்துவமனைகளுக்கும் தொலைதூரக் குடியிருப்புக்களுக்கும் வாக்குப்பெட்டியையே கொண்டுசெல்லும் நடமாடும் வாக்களிப்பும் பின்னர்ச் சேர்ந்தது. வாக்களியாதவனைத் தண்டிக்க விரும்பும் அரசு, அவன் வாக்களிப்பதற்கான வழி அனைத்தையும் தான் திறந்துவிட்டதை நீதிமன்றின் முன் நிறுவவேண்டியதாகின்றது. பிரசையின் மீது விதிக்கப்பட்ட கடமை அரசின் மீதே திரும்பி விழுகின்றது. கட்டாய வாக்களிப்பினால் விளைந்த நன்மையின் பெரும்பகுதி இத்திருப்பத்திலேயே உள்ளதென்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

நெதர்லாந்தின் அனுபவம் இதனை மறுபக்கத்திலிருந்து விளக்கும். 1917இல் அங்கு ஏற்படுத்தப்பட்ட கட்டாயம் 1970இல் நீக்கப்பட்டது. 1967இல் ஏறத்தாழ 95 வீதமாயிருந்த வாக்களிப்பு 1971இல் 79 வீதமாயிற்று. விலகிச் சென்றோரிடையே கல்வி குறைந்தோர் மிகுந்திருந்தனர். வாக்களியாதிருக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. அதனைச் சமுதாயத்தின் கீழ்ப்படிகளில் உள்ளோரே மிகுதியாகப் 'பயன்படுத்தினர்'. வாக்களியாத வர்க்கத்தின் நலனைப் பேண எந்தக் கட்சியும் விரைவதில்லை.

இவ்வளவும் கட்டாயத்துக்குச் சார்பானவை. இனி மறுபக்கம். 1925ஆம் ஆண்டு செனட் தேர்தலில் ஏர்னெஸ்ற் ஜட் என்னும் சமதர்மவாதி வாக்களிக்க மறுத்தார். போட்டியிட்டோர் அனைவரும் முதலாளித்துவ முறையை நிலைநிறுத்த விழைவோரே. அவருள் எவரையும் தெரிவுசெய்தல் தம் கொள்கைக்கு முரண் என்பது அவர் காட்டிய காரணம். 'ஏற்புடையதும் போதியதுமான' காரணம் உடையோர்க்குச் சட்டம் விலக்களித்திருந்தது. 1926இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஜட்டின் மேன்முறையீட்டை நிராகரித்தது. வேட்பாளர் எவரையும் விரும்பாமை போதிய காரணமாகாது. விரும்பாதோருள் எவரை முற்படுத்துவது என்பதையேனும் வாக்காளன் கூறவேண்டும் என்ற வகையில் பெரும்பான்மைத் தீர்ப்பு அமைந்தது. நீதியரசர் ஹிகின்ஸ் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். காலப்போக்கிற் சட்டம் சமயக் கடமை கருதி வாக்களியாதிருப்போரை வெளிப்படையாகவே விலக்கியது. சமய மனச்சாட்சிக்குக் கிட்டிய இந்த மதிப்பு அரசியல் மனச்சாட்சிக்குக் கிட்டவில்லை. இறைவன் தடுத்தான் என்பவன் விடுவிக்கப்படுகிறான். என் அறிவு தடுத்தது என்பவன் தண்டம் செலுத்துகிறான். வெற்றுச் சீட்டைப் பெட்டியில் இட்டுவிட்டுப் போகலாமே எனச் சிலர் கூறுவர். உண்மை; இரகசிய வாக்களிப்பில் அதனை எவரும் கண்டறியார். ஆனால் ஜட் வேண்டியது மறைவிடமன்று. அவர் தம் மறுப்பை வெளிப்படையாக அறிவிக்க விரும்பினார். அவர் வழக்கில் ஹிகின்ஸின் நிலைப்பாடே மக்களாட்சிக்கு ஏற்றதாகத் தோன்றுகின்றது.

ஜட்டின் குறை தாம் கட்டாயப்படுத்தப்பட்டமை. அதே நாட்டில், அதே காலத்தில், கட்டாயப்படுத்தப்படுவதற்கே தகுதியற்றோராய்க் கருதப்பட்ட மக்கள் இருந்தனர். 1902ஆம் ஆண்டுக் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு வாக்களித்தமையால் உலகப் புகழ் பெற்றது. அதே சட்டமே, ஏற்கனவே மாநில வாக்குரிமை பெற்றிருந்தோர் நீங்கலாக, அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளையும், ஆசியா, ஆபிரிக்கா, நியூசிலாந்து ஒழிந்த பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் குடிகளையும் விலக்கியது. கட்டாய வாக்களிப்பு மசோதா நிறைவேறிய அதே 1924இல், மெல்பேணில் வாழ்ந்த மிற்றா புல்லோஷ் என்னும் இந்தியர் தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு நீதிமன்றம் ஏறி வெற்றி பெற்றார். அதன் பின்னரே, 1925இல், அங்கு வாழ்ந்த பிரித்தானிய இந்தியர்க்குச் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமை கிட்டியது. வெள்ளையனை வாக்குப்பெட்டிக்கு இழுத்துவர ஒரு சட்டம். வரத்துடிக்கும் இந்தியனைத் தடுக்க ஒரு சட்டம்.

ஆதிக்குடிகள் மேலும் காத்திருந்தனர். படைச்சேவை புரிந்தோரும் மாநில வாக்குரிமை உடையோரும் 1949இல் ஏற்கப்பட்டனர். ஏனையோர் 1962இலேயே கூட்டாட்சித் தேர்தல்களில் உரிமை பெற்றனர். (1967ஆம் ஆண்டு ஒப்பங்கோடலே அவர்களுக்கு வாக்களித்தது எனப் பரவலாக நம்பப்படுகின்றது, அது பிழையாகும்.) அப்போதும் அவர்களுக்குப் பதிவு கட்டாயமாக்கப்படவில்லை, பதிந்துகொண்டோர்க்கே வாக்களிப்புக் கட்டாயமாயிற்று. பதியுமாறு அவர்களை வற்புறுத்துதலும் குற்றமாக்கப்பட்டது. அவர்களின் விருப்பத்துக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடாக இதனைக் காட்டலாம். ஆனால் ஏனைய அவுஸ்திரேலியர் எவருக்கும் அளிக்கப்படாத இச்சுதந்திரம் இவர்களுக்கு மட்டும் ஏன் அளிக்கப்பட்டது? அவர்களின் வாக்கு வந்தாலும் வராவிடினும் அரசுக்கு ஒன்றே என்பதே அதன் உட்பொருள். 1984இலேயே பதிவுக் கடமை அவர்கட்கும் சமமாக விதிக்கப்பட்டது. கடமை சுமத்தப்படுதலே சமத்துவத்தின் அடையாளமாகும் விசித்திரம் இங்குக் காணக்கிடக்கின்றது.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு நம் நாட்டின்பால் திரும்புவோர்க்கு மூன்று நிகழ்ச்சிகள் தென்படும். டொனமூர் அரசியல் திட்டத்தின்படி 1931இற் சர்வசன வாக்குரிமை இலங்கைக்கு வந்தது. பூரண சுயாட்சி வழங்கப்படவில்லை எனக் கண்டித்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை வேண்டியது. வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்புமனு எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. ஏகாதிபத்திய எதிர்ப்பின் உயரிய வெளிப்பாடாக இது போற்றப்படுகின்றது, போற்றத்தக்கதே. சாதிக்கொடுமைக்கு எதிராகவும் குரல்கொடுத்த இயக்கம் அது. ஆயினும் வேட்பாளரே இல்லாத தேர்தலில் வாக்காளன் பகிஷ்கரிக்கவுமில்லை, பங்குபற்றவுமில்லை. வரலாற்றில் முதன்முறையாக வாக்குரிமை பெற்ற யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் அந்த முதல் வாக்கை அளிக்க 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள் வரை காத்திருந்தனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஜட்டின் மறுப்பு அவருடையது. இம்மறுப்போ அவர்கள் சார்பிற் பிறர் செய்தது.

இரண்டாவது, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் இயற்றப்பட்ட சட்டங்களும். 1947இல் வாக்களித்த மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர் 1952இல் இடாப்பிலேயே இல்லை. நாடற்றோர் பிரச்சினையை முடிவுக்குக் கொணரும் சட்ட ஏற்பாடுகள் 2003 வரையும் அதற்குப் பின்னரும் தொடர்ந்தன. இக்காலப்பகுதியில் இலங்கையின் வாக்களிப்பு வீதம் கட்டாயமின்றியே உலகம் வியக்கும் அளவில் உயர்ந்திருந்தது. 1970இலும் 1977இலும் அது 85 வீதத்தைத் தாண்டியது. அந்த வீதம் இடாப்பிலுள்ளோரைக் கொண்டு கணிக்கப்பட்டது. இடாப்பிலிருந்து நீக்கப்பட்டவன் வாக்களியாதோன் கணக்கிலும் வரான்.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு அழைப்பும் அதனோடு வந்த அச்சமும் நிலவிய சூழலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. வாக்களியாமையும் கட்டாயமாக்கப்படக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே பதிவும் வருகையும் கட்டாயமாதல் ஏற்கத்தக்கது. 'எவரும் வேண்டாம்' எனக் குறிக்கும் இடம் சீட்டில் இருத்தல் வேண்டும். தண்டம் விதிக்கும் அதிகாரம், வாக்காளனைச் சென்றடையும் கடமையை அரசு நிறைவேற்றிய பின்னரே தோன்றுதல் வேண்டும். இந்த வரிசை மாறுமாயின் கட்டாயம் வறியோர் மீது விழும் இன்னொரு வரியாகவே முடியும். இலங்கையில் 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு ஏறத்தாழ 79 வீதம். எஞ்சிய ஐந்திலொரு பங்கினரை அசட்டையாளர் எனக் கண்டித்து எழுதுவது எளிது. ஆனால் அவருள் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்களாயும் கட்டடத் தொழிலாளராயும் உழைத்த ஆயிரக்கணக்கானோர் அடங்குவர். அவர்கள் பெயர்கள் ஊரிலுள்ள இடாப்பில் இருந்தன. விமானச் சீட்டு வாங்கி ஊர் திரும்பினாலன்றி, அத்தேர்தலில் வாக்களிக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.